டாஸில் பாட்டு: யாருடைய வேலை?

(கணினி பயிலும் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசியில் ஒரு பாட்டைத் தொடுகிறீர்கள். பாட்டு வருகிறது. அதை ஒலிக்கச் செய்தது யார்? நீங்கள் தொட்ட செயலிதான் என்று தோன்றும். உண்மையில் அது செய்தது கொஞ்சம்தான். பாட்டை எடுத்து இயங்குதளத்திடம் நீட்டியது, அவ்வளவே. மற்ற ஒலிகளோடு அதைக் கலப்பது, இந்தக் கருவிக்குள் என்ன ஒலிச் சில்லு இருக்கிறது என்று அறிவது, அந்தச் சில்லுக்குப் புரிகிற விதத்தில் பேசுவது, உரிய நேரத்தில் உரிய எண்ணை அதற்கு ஊட்டுவது எல்லாம் இயங்குதளத்தின் பொறுப்பு. செயலியை எழுதியவருக்கு அந்தச் சில்லின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த வசதி இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை பிசி உலகை ஆண்ட டாஸ் இயங்குதளத்துக்கு இசை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அப்படியிருந்தும் டாஸில் ஆட்கள் பாட்டுக் கேட்டார்கள், நன்றாகவே கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. அதோடு ஒரு கருத்தையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். இயங்குதளம் ஒரு வேலையைச் செய்யாவிட்டால் அந்த வேலை இல்லாமல் போய்விடாது. வேறு யார் தலையிலாவது விழும். யார் தலையில் விழுந்தது, அவர் அதை எப்படிச் சுமந்தார், சுமந்ததைப் பின்னால் யாருக்குக் கொடுத்தார் என்ற மூன்று கேள்விகளோடு இந்தக் கதையைப் பார்ப்போம்.

ஒரே ஒரு ‘பீப்’

டாஸ், நிரலாளருக்குச் செய்த உதவிகள் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகக் கிடைத்தன. கோப்பைத் திற, படி, எழுது, மூடு. விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தை வாங்கு. திரையில் ஓர் எழுத்தைக் காட்டு. தேதி என்ன, மணி என்ன என்று சொல். ஒலிக்கென்று அங்கே கிடைத்தது ஒன்றே ஒன்று: ஆஸ்கி வரிசையின் 7-ஆம் குறியைத் திரைக்கு அனுப்பினால் பெட்டிக்குள்ளிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். தொலையச்சு இயந்திரங்களில் மணியடித்து ஆளைக் கூப்பிடுவதற்காக வைத்திருந்த குறி அது. பாட்டைப் பொறுத்தவரை டாஸின் சங்கீத ஞானம் அந்தக் குறியோடு முடிந்தது.

அந்த பீப்பை எழுப்பிய ஸ்பீக்கரும் மிக எளிய பொருள். நொடிக்கு 11,93,182 முறை துடிக்கும் ஒரு டைமர் சில்லு அதை இயக்கியது. ஸ்பீக்கருக்கு இரண்டே நிலைகள்: மின்சாரம் உண்டு, இல்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் மனிதக் குரலைக் கேட்க முடியுமா?

முடிந்தது. உத்தி இதுதான். நொடியை 16,000 துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் டைமர் ஏறத்தாழ 74 முறை துடிக்கும். அந்த 74-இல் எத்தனை துடிப்புக்கு ஸ்பீக்கரை ‘உண்டு’ நிலையில் வைப்பது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஸ்பீக்கரின் அட்டைக் கூம்பால் அத்தனை வேகமாக முன்னும் பின்னும் போய்வர முடியாது; அது சராசரியைத்தான் காட்டும். 74-இல் 37 துடிப்பு வைத்தால் பாதி உயரம், 60 வைத்தால் அதற்கும் மேல். இரண்டே நிலை தெரிந்த ஸ்பீக்கரிடம் எழுபத்துச் சொச்சம் நிலைகளைக் கறந்துவிட்டோம். அமெரிக்காவின் ஆக்ஸஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் இந்த உத்தியை ரியல்சவுண்ட் என்ற பெயரில் தன் விளையாட்டுகளில் பயன்படுத்தியது.

இதற்கு விலை உண்டு. நொடிக்கு 16,000 முறை சிபியு கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைக் கவனிக்க வேண்டும். முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 300-க்கும் குறைவான கடிகாரச் சுற்றுகள். அந்தச் சிபியுவில் ஒரு பெருக்கல் கணக்கே எழுபது சுற்றுகளைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, கணினி மணி பார்ப்பதற்கும் டைமர் சில்லின் இன்னொரு பகுதியைத்தான் நம்பியிருந்தது. அந்தப் பகுதி நொடிக்குச் சுமார் 18.2 முறை தட்டிக்கொடுக்க, கணினியின் அடிப்படை நிரல் அதை எண்ணிக்கொண்டே போகும். பாட்டு வாசிக்கும் மென்பொருளான பிளேயர் அந்தத் தட்டலை நொடிக்கு 16,000 ஆக்கிவிட்டால், பழைய கணக்குப்படி வேண்டிய தட்டல்களை மட்டும் சரியாக எண்ணி அந்த நிரலுக்கு அனுப்பிவைக்கும் கடமையும் பிளேயருக்கே வந்து சேரும். தவறினால் பாட்டு முடிவதற்குள் கணினியின் கடிகாரம் கெட்டுப்போகும். பாட்டு வாசிக்க வந்தவன் மணிக்கூண்டுக் காவலையும் ஏற்க வேண்டியதாயிற்று.

எண்ணை எப்படி ஒலியாக்குவது?

ஒலியை எண்ணாக்கும் கணக்கை ஒரு முறை பார்த்துவிடுவோம், பின்னால் உதவும். குறுந்தகட்டுத் தரம் என்றால் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 2 பைட். இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 1,76,400 பைட். ஒரு நிமிடத்துக்கு ஒரு கோடியைத் தாண்டும். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் இந்தத் தரத்தில் எட்டேகால் நொடிப் பாட்டுதான் அடங்கும். பல்லவியின் முதல் வரியைப் பாடி முடிப்பதற்குள் தட்டு தீர்ந்துவிடும்.

கணக்கு இப்படிப் பயமுறுத்தினாலும், எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் வேலை அவ்வளவு கடினமானது இல்லை. கணினியின் பின்புறம் பிரிண்டரைச் செருகும் துளையில் எட்டுத் தரவுக் கம்பிகள் உண்டு. அவற்றில் பொருத்தமான மின்தடைகளை ஏணிபோல் இணைத்தால் போதும். ஒரு பைட்டை அனுப்பியவுடன் அதற்கு ஈடான மின்னழுத்தம் மறுமுனையில் கிடைக்கும். எண்பதுகளின் பின்பகுதியில் அமெரிக்காவின் கோவாக்ஸ் நிறுவனம் இதை ஸ்பீச் திங் என்ற பெயரில் விற்றது. உள்ளே இருந்தது என்னவென்று தெரிந்துகொண்ட ஆர்வலர்கள் சில்லறைக் காசுக்கு மின்தடைகளை வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டார்கள். அன்றைய பிளேயர்கள் பலவற்றின் அமைப்புத் திரையில் ‘பிரிண்டர் போர்ட்டில் இணைத்த மின்தடை ஏணி’ ஒரு தேர்வாகவே இடம்பெற்றது. கடையில் கிடைக்காத கருவிக்கும் ஆதரவு தந்த மென்பொருள்கள் அவை.

சிங்கப்பூர் அட்டை

1987-இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் என்ற ஒலி அட்டை வந்தது. யமஹாவின் ஒய்எம்3812 சில்லு அதில் இருந்தது. ஒன்பது குரல்களில் செயற்கை இசை எழுப்பும். ஆனால் பதிவு செய்த பாட்டை நேராக வாசிக்க அதில் வழியில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது சிங்கப்பூர். சிம் வோங் ஹூ என்பவர் 1981-இல் அங்கே தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. ஆட்லிப்பின் அதே சில்லையும் வைத்து, அதோடு பதிவு செய்த ஒலியை வாசிக்கும் வசதியையும் சேர்த்து, ஜாய்ஸ்டிக் செருகும் இடத்தையும் கொடுத்தார்கள். ஆட்லிப் 1992-இல் திவாலானது. அதே ஆண்டு கிரியேட்டிவ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. அதே 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 குறுந்தகட்டுத் தரத்தையே தொட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அட்டை வந்தது, டாஸ் மாறவில்லை. சவுண்ட் பிளாஸ்டர் என்ற பொருள் தன் உடம்பில் செருகியிருப்பதே டாஸுக்குத் தெரியாது. கணினி தொடங்கும்போது படிக்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் நாம் எழுதிவைத்த ஒரு வரிதான் தகவல் பலகை: அட்டையின் முகவரி 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1. பிளேயர் அதைப் படித்துவிட்டு நேராக அட்டையோடு பேசும். டாஸ் நடுவில் வராது.

அந்தப் பேச்சில்தான் எத்தனை நுணுக்கம்! டிஎம்ஏ என்பது சிபியுவின் உதவியில்லாமல் நினைவகத்திலிருந்து அட்டைக்குத் தரவைக் கொண்டுபோகும் ஏற்பாடு. பிளேயர் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி அதை இரண்டாகப் பிரிக்கும். ஒரு குடம் காலியாகிக்கொண்டிருக்கும்போது மறுகுடத்தை நிரப்பி வைப்பதுபோல, அட்டை ஒரு பாதியை வாசிக்கும். பிளேயர் மறுபாதியை நிரப்பும். பாதி முடிந்ததும் அட்டை, இன்டரப்ட் என்ற குறுக்கீட்டை எழுப்பிக் குரல் கொடுக்கும். 22,050 ஹெர்ட்ஸில், 8 பிட் ஒற்றைத் தடத்தில், 4,096 பைட் இடம் ஒதுக்கியிருந்தால் ஒரு பாதி தீர 93 மில்லிநொடி ஆகும். அதற்குள் மறுபாதி தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஒலியே மறுபடி வரும். காதுக்கு அது விக்கலாகக் கேட்கும். கண் ஒரு படம் தவறினால் பொறுத்துக்கொள்ளும். காது பொறுக்காது.

இன்டரப்ட் வந்ததும் வட்டிலிருந்து அடுத்த பகுதியைப் படித்துவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் நடுவில் இன்டரப்ட் மூலம் இன்னொரு படிப்பு வேலையைக் கொடுத்தால், முதல் வேலையின் குறிப்புகள் அழிந்து கணினி உறைந்துபோகும். ஆகவே பிளேயருக்குள் இரண்டு வரிசை வேலைகள் நடந்தன. வட்டைப் படிப்பதும் திரையை வரைவதும் சாவகாசமான வரிசையில். அட்டைக்கு ஊட்டுவது அவசர வரிசையில். இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க நடுவே ஒரு கிடங்கு. இன்றைய இயங்குதளப் பாடநூல்களில் தனி அத்தியாயமாக வரும் விஷயம் இது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் அன்று அதைத் தாங்களாகவே கண்டுபிடித்து, பாட்டுக் கேட்பதற்காக எழுதினார்கள்.

பாட்டைக் கொடுக்காதே, சமையல் குறிப்பைக் கொடு

எட்டேகால் நொடிக் கணக்கை மறுபடி எடுத்துக்கொள்வோம். முழுப் பாட்டைப் பதிவாக வைத்துக்கொள்ள வட்டில் இடமில்லை. டாஸ் நேரடியாகக் கொடுத்த 640 கேபி நினைவகத்திலும் இடமில்லை. அப்படியானால் என்ன செய்வது? 1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் கொமடோர் அமிகா கணினிக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் ஒரு வழியைக் காட்டியது. ஒரு முரசடி, ஒரு கிட்டார் மீட்டல், ஒரு குழல் ஊதல் என்று ஒவ்வொரு வாத்தியத்திலும் சிறு துணுக்கை மட்டும் பதிவாக வை. எந்தத் துணுக்கை எப்போது, எந்தச் சுருதியில், எவ்வளவு சத்தத்தில் வாசிப்பது என்பதைப் பட்டியலாக எழுது. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டிவிடு. இப்படிப் பிறந்தது மாட் கோப்பு. நான்கு தடங்கள், ஒரு பக்கத்துக்கு 64 வரிகள், ஒரு குறிப்புக்கு 4 பைட். ஆக, ஒரு பக்க இசைக்கு 1,024 பைட்தான். நாலைந்து நிமிடப் பாட்டு ஒரு ஃப்ளாப்பியின் மூலையில் அடங்கிவிடும்.

அமிகாவில் நான்கு தடங்களையும் சேர்த்து வாசிக்க ஒரு சில்லு இருந்தது. பிசியில் இல்லை. சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒரே நீரோட்டமாகத்தான் ஒலி போக வேண்டும். ஆகவே சுருதி மாற்றுவது, சத்தம் கூட்டிக் குறைப்பது, நான்கையும் கலப்பது எல்லாமே சிபியுவின் வேலையாகிவிட்டது. 22,050 ஹெர்ட்ஸில் நான்கு தடங்கள் என்றால் நொடிக்கு 88,200 கணக்குகள். 12 மெகாஹெர்ட்ஸ் 286 கணினியில் ஒரு கணக்குக்குக் கிடைப்பது சுமார் 136 சுற்றுகள். திரை வரைய, விசைப்பலகையைக் கவனிக்க எல்லாமே அதற்குள்தான். பெருக்கல் கட்டுப்படியாகாது என்று கண்ட நிரலாளர்கள் அதைத் தவிர்க்க ஒரு வழி கண்டார்கள். மாட் கோப்பில் சத்தம் 0 முதல் 64 வரை 65 நிலைகள். ஒரு மாதிரி எடுக்கக்கூடிய மதிப்புகள் 256. இரண்டையும் பெருக்கி, 16,640 விடைகளையும் பாட்டுத் தொடங்கும் முன்பே வாய்ப்பாடாக எழுதி வைத்துக்கொள். பாட்டு ஓடும்போது பெருக்காதே, வாய்ப்பாட்டைப் பார்.

இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் ஐரோப்பிய இளைஞர்கள். பின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழு இப்படிப்பட்ட இசையை அமைக்க ஸ்க்ரீம் டிராக்கரை எழுதியது. 1993-இல் பின்லாந்தில் நடந்த அசெம்பிளி விழாவில் அவர்கள் காட்டிய செகண்ட் ரியாலிட்டி என்ற கணினி ஒலி-ஒளிக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. ஸ்வீடனின் டிரைட்டன் குழு ஃபாஸ்ட்டிராக்கரை எழுதியது. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம் இம்பல்ஸ் டிராக்கரை எழுதினார். ஒவ்வொன்றும் தன் கோப்பு வகையைப் பெற்றது; எல்லா வகையையும் வாசிக்கக்கூடிய பிளேயர்கள் தேவைப்பட்டன. அவற்றில் பெயர் பெற்றது நிக்லாஸ் பைசர்ட்டும் நண்பர்களும் எழுதிய கியூபிக் பிளேயர்.

அதன் திரையைப் பற்றி ஒரு சொல். 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். ஓர் எழுத்திடத்துக்கு 2 பைட் வீதம் மொத்தம் 4,000 பைட். ஐபிஎம் எழுத்து வரிசையில் முழுக் கட்டை, அரைக் கட்டை போன்ற குறிகள் உண்டு. அவற்றைக் கொண்டே ஒவ்வொரு தடத்திலும் சத்தம் ஏறி இறங்குவதையும், ஒலியின் அலைவரிசைப் பரவலையும் நடனமாடும் தூண்களாகக் காட்டினார்கள். அழகுக்குச் செய்ததுதான், ஆனால் கணக்குப் பார்த்துச் செய்தது. எழுத்துத் திரையை முழுவதும் மாற்றி எழுத 4,000 பைட் போதும். மிச்சமான சிபியு நேரம் பாட்டுக்குப் போனது.

இதே சமயத்தில் கனடாவிலிருந்து கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற அட்டை வந்தது. ஆண்டு 1992. 256 கேபி சொந்த நினைவகம், 32 குரல்களைத் தானே கலக்கும் திறன். துணுக்குகளை அட்டையில் ஏற்றிவிட்டால் போதும். சிபியு ஓய்வாக இருக்கலாம். 14 குரல்கள்வரை 44,100 ஹெர்ட்ஸில் வாசிக்கும். 32 குரலையும் கேட்டால் ஏறத்தாழ 19,300-க்கு இறங்கிவிடும். டிராக்கர் ஆர்வலர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் விளையாட்டுகள் சவுண்ட் பிளாஸ்டரையே எதிர்பார்த்ததால் சந்தையில் அது நிலைக்கவில்லை.

எம்பி3 வந்தபோது

அடுத்த அலை ஜெர்மனியின் ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனத்திலிருந்து வந்தது. காதுக்கு எட்டாததை, எட்டினாலும் பக்கத்துச் சத்தத்தில் அமுங்கிவிடுவதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதிவைக்கும் முறை. நொடிக்கு 1,76,400 பைட்டாக இருந்த பாட்டு, நொடிக்கு 16,000 பைட்டாகச் சுருங்கியது. கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘.எம்பி3’ என்று போடுவது 1995 ஜூலையில் முடிவானது.

சுருக்கியதை விரிக்கக் கணக்குப் போட வேண்டுமே! எம்பி3 பாட்டு 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக வரும். ஒரு சட்டம் 26 மில்லிநொடி. ஒவ்வொன்றையும் அந்த நேரத்துக்குள் விரித்தாக வேண்டும். அதில் தசமப் பெருக்கல்கள் குவிந்திருக்கும். 486 சிபியுக்கள் முழுத் தரத்தில் திணறின. அதனால் பிளேயர்கள் ஒற்றைத் தடம், பாதி வேகம் என்று தரத்தை விட்டுக்கொடுக்கும் தேர்வுகளை வைத்தன. பென்டியம் வந்ததும் மூச்சு விட முடிந்தது.

640 கேபி எல்லையையும் அதற்குள் தாண்டியிருந்தார்கள். டாஸ் எக்ஸ்டெண்டர் என்ற இடைநிலை மென்பொருள்கள் டாஸின் மேல் அமர்ந்துகொண்டு, சிபியுவின் 32 பிட் திறனையும் முழு நினைவகத்தையும் திறந்துவிட்டன. கோப்பைப் படிக்க வேண்டும்போது மட்டும் டாஸிடம் இறங்கிவரும். மற்ற நேரத்தில் டாஸ் இருப்பதே தெரியாது. இயங்குதளம் விட்டுவைத்த இன்னொரு வேலையும் இப்படி வெளியாள் கைக்குப் போனது.

டாஸின் இந்த வெறுமையில் ஒரு லாபமும் இருந்தது. பின்னணியில் வேறு எந்த வேலையும் ஓடாது. சிபியுவின் எல்லாச் சுற்றுகளும் பிளேயருக்கே சொந்தம். விண்டோஸில் ஒரு சன்னலை இழுத்தால் பாட்டு விக்கிய அதே கணினி, டாஸில் தடையின்றிப் பாடியது. தொண்ணூறுகளின் இறுதியில் பழைய பிசிக்களைக் காரில் பொருத்தி எம்பி3 பெட்டியாக்கிய ஆர்வலர்கள் டாஸை நாடியதற்கு இது முதல் காரணம். சாவியைத் திருப்பினால் சில நொடிகளில் பாட்டு வரும். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். காரில் எஞ்சினை அணைத்தால் மின்சாரம் பட்டென்று போகும். விண்டோஸ் அடுத்த முறை எழும்போது வட்டைச் சோதிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடும். டாஸுக்கு முறையாக விடைபெறும் பழக்கமே கிடையாது. பாட்டைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தால் எப்போது மின்சாரம் போனாலும் வட்டில் கெடுவதற்கு எதுவும் இருக்காது.

தரப்படுத்தாததன் விலை

இத்தனை புகழ்ந்த பிறகு விலையையும் சொல்ல வேண்டும். ஒலி அட்டையோடு பேசும் நிரலை ஒவ்வொரு பிளேயரும், ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனியே எழுதியது. நூறு மென்பொருள்கள் இருந்தால் ஒரே வேலை நூறு முறை நடந்தது. இது இழுத்துக்கொண்டு போனதற்கு ஒரே காரணம், பெரும்பாலோர் சவுண்ட் பிளாஸ்டரைப் போலவே அட்டை செய்தார்கள். டாஸ் வகுத்துத்தராத விதியை ஒரு சிங்கப்பூர் அட்டை தன் விற்பனையால் வகுத்திருந்தது.

அந்த விதி நெடுநாள் நிற்கவில்லை. இந்த அட்டைகளைச் செருகிய பழைய ஐஎஸ்ஏ செருகுவாய்கள் தாய்ப்பலகையிலிருந்து மறைந்தன. 1997-இல் இன்டெல் ஏசி97 என்ற ஒலி ஏற்பாட்டை அறிவித்தது. 2004-இல் எச்டி ஆடியோ வந்தது. இவற்றில் 220 என்ற முகவரியும் இல்லை, பழைய டிஎம்ஏவும் இல்லை. விண்டோஸ் மென்பொருள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது டிரைவர் ஒன்றை நிறுவினால் எல்லாம் பாடின. டாஸ் மென்பொருள்களோ ஒரே நாளில் ஊமையாயின. எழுதியவர்கள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். மூலநிரல் அவர்களோடு போய்விட்டது. எந்த நிரலும் கெடவில்லை. பேச வேண்டிய சில்லு மாறிவிட்டது, அவ்வளவே.

இந்த இடத்தில்தான் ஹங்கேரியைச் சேர்ந்த அட்டிலா பாடாரின் எம்பிஎக்ஸ்பிளே வருகிறது. 1998 முதல் வளர்ந்த டாஸ் பிளேயர் இது. எம்பி3, ஆக், ஃபிளாக், ஏஏசி என்று காலப்போக்கில் எத்தனையோ வகைகளைக் கற்றுக்கொண்டது. காரில் வைப்பவர்களுக்காகச் சிறு எல்சிடி திரையை இயக்கவும் கற்றது. ஆனால் அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. சவுண்ட் பிளாஸ்டரில் தொடங்கி அல்ட்ராசவுண்ட், ஏசி97, எச்டி ஆடியோ வரை அட்டைகளோடு பேசும் நிரலைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்தது. மைக்ரோசாஃப்ட் கைவிட்ட இயங்குதளத்துக்கு, இன்டெல்லின் புதிய சில்லைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க எந்த நிறுவனமும் முன்வராத நிலையில், ஒரு பாட்டுப் பிளேயர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. மூலநிரலையும் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைத்தார் பாடார்.

திறந்து வைத்ததன் பலன் அண்மை ஆண்டுகளில்தான் முழுமையாகத் தெரிந்தது. இன்றைய கணினிகளில் பழைய டாஸ் விளையாட்டுகளை நேரடியாக ஓட்ட விரும்பியவர்களுக்கு ஒலிதான் தடை. விளையாட்டு 220-ஆம் முகவரியைத் தட்டும். திறக்க அங்கே யாரும் இல்லை. எஸ்பிஎம்யு என்ற திறந்தநிலை மென்பொருள் இதற்கு விடை கண்டது. சிபியுவில் ஒரு வசதி உண்டு: குறிப்பிட்ட முகவரிகளை ஒரு நிரல் தொட்டால், அதை நடுவில் மறித்து இன்னொரு நிரலிடம் ஒப்படைக்கலாம். எஸ்பிஎம்யு அப்படி மறித்து, சவுண்ட் பிளாஸ்டராகத் தானே நடித்து, விளையாட்டு கேட்ட ஒலியைப் புதுச் சில்லுக்கு அனுப்புகிறது. அந்தப் புதுச் சில்லோடு பேசும் நிரல் எங்கிருந்து வந்தது தெரியுமா? எம்பிஎக்ஸ்பிளேயின் மூலநிரலிலிருந்து. பாட்டுக் கேட்க எழுதிய நிரல், அந்த இயங்குதளத்துக்கே இல்லாதிருந்த ஒலி அடுக்காக மாறிவிட்டது. ஊமையாகிப்போன பழைய விளையாட்டுகள் மறுபடி பேசுகின்றன.

கியூபிக் பிளேயரும் இதேபோல் பிழைத்தது. அதன் மூலநிரல் வெளியானதால் ஓபன் கியூபிக் பிளேயர் என்ற பெயரில் லினக்ஸுக்கு வந்து, அதே எழுத்துத் திரையோடு இன்றும் ஓடுகிறது. மூலநிரலை வெளியிடாமல் போன எத்தனையோ பிளேயர்களைப் பழைய கணினியிலோ, பழைய கணினியாக நடிக்கும் மென்பொருளிலோ மட்டுமே இனிக் கேட்க முடியும்.

ஆக, தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. இயங்குதளம் செய்யாத வேலை பிளேயர் எழுதியவர் தலையில் விழுந்தது. அவர் அதைக் கணக்காலும் வாய்ப்பாட்டாலும் பொறுமையாலும் சுமந்தார். அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவரின் உழைப்பு மட்டும் பெருகியது. மற்றவர்களின் உழைப்பு அந்தந்த அட்டையோடு முடிந்தது. திறமையில் இரு சாராருக்கும் வேறுபாடு சொல்ல முடியாது.

இது டாஸோடு முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். இன்று நம் அரசு அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஒரு மென்பொருள் வாங்கும்போது, கீழே இருக்கும் சில்லும் இயங்குதளமும் மாறினால் அதை யார் திருத்துவார், திருத்துகிறவர் கையில் மூலநிரல் இருக்குமா என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். விலையைக் கேட்கிறோம், வசதியைக் கேட்கிறோம். இதைக் கேட்பது அரிது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தியக் கடைகளில் விண்டோஸ் இல்லாமல் வரும் மடிக்கணினிகளின் விவரத்தில் ‘டாஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1994-இல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிவைத்த ஃப்ரீடாஸ் அது. வாங்கியவுடன் அழித்துவிடும் அதை ஒரு பென்டிரைவில் நிறுவிப் பாருங்கள். எம்பிஎக்ஸ்பிளேயை ஓடவிடுங்கள். உங்கள் கணினியில் பாட்டு வரலாம், வராமலும் போகலாம். வந்தால், எச்டி ஆடியோவுக்கான பகுதியை மூலநிரலில் திறந்து, அது எப்படி வந்தது என்று படியுங்கள். வராவிட்டால் இன்னும் நல்லது. உங்கள் சில்லுக்கு என்ன குறைகிறது என்று தேடுங்கள். கண்டுபிடித்ததை எழுதி வெளியிடுங்கள். அந்த வேலை இனி உங்களுடையது.